பத்து சென்ட் புத்தகத்தின் மேல் ஏன் இத்தனை ஏக்கம்?

1956-இல் அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பகமான டிசியின் 'ஷோகேஸ்' 4-ஆம் இதழ் வெளிவந்தது. அதில் பாரி ஆலன் என்ற போலீஸ் ஆய்வக விஞ்ஞானியின் அலமாரி மீது மின்னல் விழுகிறது. ரசாயனமெல்லாம் அவன் மேல் கொட்டி, அசுர வேகம் வந்துவிடுகிறது. விபத்துக்குச் சற்று முன்னால் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதுதான் வேடிக்கை. பழைய காமிக்ஸ் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தான். 1940-இல் தொடங்கி 1949-இல் நின்றுபோன முதல் 'ஃப்ளாஷ்' என்ற அதிவேக நாயகனின் இதழ் அது. அந்த நாயகனின் பெயரையே பாரி தனக்கும் வைத்துக்கொள்கிறான்.

சூப்பர்ஹீரோ காமிக்ஸின் 'வெள்ளிக் காலம்', அதாவது முதல் அலை ஓய்ந்தபின் வந்த இரண்டாவது எழுச்சி, இந்த இதழில்தான் தொடங்கியது என்பதை ரசிகர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். இன்று பலர் ஏங்கும் அந்தக் காலமே, தனக்கு முந்தைய காலத்தை நினைத்து ஏங்கிக்கொண்டுதான் பிறந்திருக்கிறது. அதனால் இந்த ஏக்கத்தை நடுவயதுக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஏறக்குறைய எழுபது ஆண்டுகளாக அந்தத் துறையை ஓட்டிவருவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. தான் நேசித்த பொருளை அடையாளம் தெரியாமல் மாற்றியதிலும் இதற்குப் பங்கு உண்டு.

காமிக்ஸின் பொற்காலம் எது என்று கேட்டால் 'பன்னிரண்டு வயது' என்று பதில் சொல்வது ரசிகர்களிடையே ஒரு பழைய கிண்டல். அறிவியல் புனைகதை ரசிகர்களிடமிருந்து கடன் வாங்கியது. பாதி உண்மைதான். ஆனால் வயது மட்டுமே காரணம் என்றால், ஸ்டீவ் டிட்கோ வரைந்த ஸ்பைடர்மேனையும் ஜாக் கிர்பி வரைந்த ஃபென்டாஸ்டிக் ஃபோரையும் அறுபதுகளில் பிறந்தே இராதவர்கள் ஏன் தேடிப்பிடித்துப் படிக்கிறார்கள்? அந்தப் புத்தகங்களுக்குள்ளேயே ஏதோ இருக்கிறது. அதில் பெரும்பகுதி, அவை மலிவாக இருந்ததால் வந்தது.

சூப்பர்மேன் முதலில் தோன்றிய 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 1938-இல் 10 சென்ட். 64 பக்கம். படித்து, கைமாற்றி, கிழித்து, தூக்கிப்போட அச்சடித்த பொருள். யாரும் பத்திரப்படுத்தவில்லை. இரண்டாம் உலகப் போரில் பழைய காகிதம் சேகரிக்கும் இயக்கம் வந்தபோது, வீட்டில் மிஞ்சிய காமிக்ஸ் கட்டுகளும் அதில் போயின. போர் முடிந்ததும் முகமூடி நாயகர்களின் மவுசு குறைந்தது. குற்றக் கதை, பேய்க் கதை, காதல் கதை என்று வாசகர்கள் நகர்ந்தார்கள். 1954-இல் மனநல மருத்துவர் ஃபிரெடரிக் வெர்தாம், காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று புத்தகமே எழுதினார். அமெரிக்க செனட்டின் துணைக் குழு நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. பயந்துபோன பதிப்பாளர்கள் 'காமிக்ஸ் கோட்' என்ற சுயதணிக்கையைக் கொண்டுவந்தார்கள். சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன் போன்ற ஒருசிலர்தான் இத்தனையையும் தாண்டித் தம் பெயரிலேயே இதழ் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

நாற்பதுகளில் படித்த பிள்ளைகள் இப்போது பெரியவர்கள். கையில் பழைய புத்தகம் இல்லை, கடையிலும் இல்லை. டெட்ராய்ட்டில் கல்லூரி ஆசிரியராக இருந்த ஜெர்ரி பெய்ல்ஸ், தன் சிறுவயது நாயகர் கூட்டமான ஜஸ்டிஸ் சொசைட்டியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி டிசி ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். 1961-இல் 'ஆல்டர் ஈகோ' என்ற ரசிகர் இதழைத் தொடங்கினார். மிசூரியிலிருந்து ராய் தாமஸ் என்ற இளைஞர் அதில் கைகோத்தார். ஷ்வார்ட்ஸ் தன் இதழ்களின் கடிதப் பக்கத்தில் எழுதியவர்களின் முழு முகவரியையும் அச்சிட்டார். சிறிய விஷயம்தான். ஆனால் தனித்தனியாக ஏங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒருவருக்கொருவர் எழுத ஆரம்பித்தது இதனால்தான்.

அதே 1961-இல் ஃப்ளாஷ் 123-ஆம் இதழில் புதிய ஃப்ளாஷும் பழைய ஃப்ளாஷும் சந்தித்தார்கள். பழையவர் வேறொரு பூமியில் வாழ்கிறார் என்று விளக்கம். எழுதியவர் கார்ட்னர் ஃபாக்ஸ், பழைய ஃப்ளாஷை முதலில் எழுதியவரும் அவர்தான். போட்டிப் பதிப்பகமான மார்வெல்லும் சும்மா இருக்கவில்லை. 1964-இல் அவெஞ்சர்ஸ் 4-ஆம் இதழில், போர்க்காலத்துக் கேப்டன் அமெரிக்காவைப் பனிக்கட்டிக்குள்ளிருந்து மீட்டார்கள். உறங்கி எழுந்தவனுக்கு உலகம் மாறிவிட்டது, கூட்டாளி பக்கி இல்லை. அவன் குணமே ஏக்கமாகிவிட்டது. இன்றுவரை அந்தப் பாத்திரத்துக்கு எழுதப்படும் நல்ல கதைகள் பெரும்பாலும் அந்த ஒரு முடிவிலிருந்து கிளைத்தவை என்று சொல்வேன்.

ரசிகர் ராய் தாமஸ் 1965-இல் நியூயார்க் போனார், மார்வெல்லில் சேர்ந்தார், 1972-இல் அதன் தலைமை ஆசிரியரானார். 1975-இல் 'இன்வேடர்ஸ்' என்று உலகப் போரில் நடக்கும் தொடர், பிறகு டிசியில் 1981-இல் 'ஆல்-ஸ்டார் ஸ்குவாட்ரன்' என்று இன்னொன்று. இரண்டும் நாற்பதுகளின் நாயகர்களைக் கொண்டவை. அவருக்குப் பின் இந்தத் தொழிலுக்கு வந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் வாசகராக இருந்து வந்தவர்கள் என்றால் மிகையாகாது. சிறுவயதில் எதைப் படித்தார்களோ அதை மறுபடி எழுதினார்கள். முந்தைய ஆசிரியர்களுக்கோ காமிக்ஸ் என்பது வாடகை கட்டுவதற்கான வேலை. இவர்களுக்கு அது வேதம். எந்த இதழில் யார் என்ன சொன்னார் என்பதைக் கறாராகக் காப்பாற்றும் பழக்கம் வேரூன்றியது. அந்தப் பாரத்தைத் தாங்க முடியாமல்தான் 1985-86-இல் டிசி தன் எல்லாப் பூமிகளையும் ஒரு பெரிய தொடர் நடத்தி ஒன்றாக்கியது.

அந்தத் தொடரில் பாரி ஆலன் இறந்தான். அவனுடைய இளம் கூட்டாளியாக இருந்த வாலி வெஸ்ட் ஃப்ளாஷ் ஆனான், இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடினான். 2008-இல் பாரியை உயிரோடு கொண்டுவந்தார்கள். அவனைப் படித்து வளர்ந்தவர்கள் கையில் அப்போது பேனா இருந்தது. ஆனால் வாலியைப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறையும் அதற்குள் உருவாகியிருந்தது. அவர்களுக்கு இது திருப்பியெடுத்த பரிசு மாதிரி ஆகிவிட்டது. 'உண்மையான ஃப்ளாஷ் யார்' என்று அவர்கள் போடும் சண்டை இன்னும் ஓயவில்லை. யார் எந்த வயதில் எதைப் படித்தார் என்று கேட்டால் போதும், அவர் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம்.

சரி, அந்தப் புத்தகங்களில் அப்படி என்னதான் இருந்தது? முதலில் நிறம். செய்தித்தாள் அச்சடிக்கும் அதே சாணித்தாளில், நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு என்ற நான்கு மைகளில் அச்சிட்டார்கள். நீலம், சிவப்பு, மஞ்சள் ஒவ்வொன்றையும் முழு அடர்த்தியிலோ, பாதியிலோ, கால் பங்கிலோ போடலாம், போடாமலும் விடலாம். நான்கை மூன்று தடவை பெருக்கினால் 64. வண்ணக்காரர் கையில் இருந்தது அவ்வளவுதான். கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் ஒரு கூடத்தில், பெரும்பாலும் பெண்கள், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு நிறத்தையும் கையால் பிரித்தார்கள். இலினாய் மாநிலத்தின் ஸ்பார்ட்டா என்ற சிற்றூரின் அச்சகம்தான் நாட்டின் காமிக்ஸில் மிகப் பெரும்பகுதியை அச்சிட்டது. நிறம் கோட்டைத் தாண்டி வழியும், புள்ளிகள் கண்ணுக்குத் தெரியும், மை மறுபக்கம் ஊறும். சூப்பர்மேன் நீலமும் சிவப்புமாக, ஸ்பைடர்மேன் சிவப்பும் நீலமுமாக இருப்பதற்கு இந்த அச்சுமுறைக்கும் பங்கு உண்டு. மங்கல் நிறங்கள் அந்தத் தாளில் நிற்காது. 1962-இல் ஹல்க் முதல் இதழில் சாம்பல் நிறத்தில்தான் வந்தான். சாம்பல் பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறாக விழுந்ததால், இரண்டாம் இதழில் பச்சையாக்கிவிட்டார்கள்.

மறுபதிப்புகளில் பழைய வாசகர்கள் முகம் சுளிப்பதற்கும் இதுவே காரணம். மார்வெல் 1987-இலும் டிசி 1989-இலும் கெட்டி அட்டை போட்ட மறுபதிப்பு வரிசைகளைத் தொடங்கின. வழவழப்பான வெள்ளைத் தாள். வண்ணக்காரர் சாணித்தாள் உறிஞ்சிக்கொள்ளும் என்று கணக்குப்போட்டு அள்ளிப்பூசிய மஞ்சள், இங்கே கண்ணைப் பறிக்கிறது. மூலப் படங்கள் கிடைக்காத சில இடங்களில் பழைய அச்சுப் பக்கத்தின் மேல் வைத்து மறுபடி வரையவும் செய்தார்கள். கதை அதேதான், ஆனால் கண்ணுக்கு வேறு ஏதோ ஒன்று. இதைக் குறையாகச் சொல்பவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். அவர்கள் சொல்வது சரி.

அடுத்தது கதையின் அமைப்பு. காமிக்ஸ் படிக்கும் பிள்ளை சில ஆண்டுகளில் வளர்ந்து விலகிவிடும், புதிய பிள்ளை வரும் என்பது அறுபதுகள் வரை ஆசிரியர்களின் நம்பிக்கை. அதனால் ஒவ்வொரு இதழும் தனியாக நிற்க வேண்டும். நாயகன் யார், சக்தி என்ன, பலவீனம் என்ன, எல்லாம் முதல் இரண்டு பக்கத்துக்குள் சொல்லியாக வேண்டும். கதை அந்த இதழிலேயே முடிய வேண்டும். டிசியில் பல தடவை அட்டைப்படத்தை முதலில் வரைந்துவிட்டு, அதற்கேற்பக் கதை எழுதச் சொல்வார்கள். ஷ்வார்ட்ஸின் அறிவியல் இதழ் ஒன்றின் அட்டையில் 1951-இல் கொரில்லா வந்தது, விற்பனை எகிறியது. அப்புறம் எல்லா ஆசிரியர்களும் கொரில்லா கேட்க ஆரம்பித்தார்கள், மாதத்துக்கு இத்தனைதான் என்று வரம்பு போட வேண்டியதாயிற்று என்று ஒரு கதை உண்டு. ஐம்பதுகள், அறுபதுகளின் டிசி அட்டைகளைப் பார்த்தால் அதை நம்பாமல் இருக்க முடியாது. இந்தக் கோமாளித்தனத்தில் ஒரு தைரியமும் இருந்தது. அடுத்த மாதம் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்பதால் இந்த மாதம் எதையும் செய்து பார்க்கலாம்.

மார்வெல்லின் ஈர்ப்பு வேறு வகை. கதை தொடரும், நாயகர்கள் ஒரே நியூயார்க்கில் வாழ்கிறார்கள், ஒருவர் கதையில் இன்னொருவர் நுழைகிறார். இதை மார்வெல்லின் ஆசிரியர் ஸ்டான் லீயின் மேதைமை என்று சொல்வது வழக்கம். ஒரு விநியோக விபத்தும் அதில் கைகொடுத்தது. 1957-இல் விநியோக நிறுவனம் கைவிட்டதால், போட்டியாளரான டிசியின் சொந்த விநியோக நிறுவனத்திடமே மார்வெல் போய் நிற்க வேண்டிவந்தது. மாதம் எட்டு இதழுக்கு மேல் கூடாது என்று அவர்கள் நிபந்தனை போட்டார்கள். மெல்லத்தான் தளர்த்தினார்கள். ஓர் இதழுக்குள் இரண்டு நாயகர்களைத் திணித்ததும், இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று சில இதழ்கள் வந்ததும் அதனால்தான். எட்டுப் புத்தகத்தை ஒரே ஆசிரியர் தன் தலைக்குள் வைத்துக்கொள்ள முடியும். அறுபதுகளின் முற்பகுதியில் இதழ் 12 சென்ட். ஏறக்குறைய ஒரு டாலருக்கு அந்த மாதத்து மார்வெல் உலகம் மொத்தத்தையும் ஒரு பிள்ளை படித்துவிடலாம். 'எல்லாம் தெரியும்' என்ற அந்தப் பெருமிதம் பின்னால் வந்த எந்தத் தலைமுறைக்கும் வாய்க்கவில்லை.

கடிதப் பக்கத்தையும் மறக்கக் கூடாது. கதையில் பிழை கண்டுபிடித்து, அதற்குச் சமாதானமும் எழுதி அனுப்பும் வாசகருக்கு மார்வெல் 'நோ-ப்ரைஸ்' அனுப்பும். உறை வரும், உள்ளே ஒன்றும் இருக்காது. அதைப் பெற்றவர்கள் பதக்கம் போலக் காப்பாற்றினார்கள். 1963-இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் 20-ஆம் இதழில் வந்த ஒரு பாராட்டுக் கடிதத்தை எழுதிய பள்ளி மாணவன், பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். விளம்பரங்களும் உண்டு. 6.98 டாலருக்கு அணு நீர்மூழ்கிக் கப்பல் என்பார்கள், வந்து இறங்குவது அட்டைப்பெட்டி. கிரீடம் சூடிச் சிரிக்கும் 'கடல் குரங்கு' குடும்பம் உண்மையில் பொடிசான உப்புநீர் இறால். ஏமாந்ததைக்கூடச் சிரித்துக்கொண்டே நினைவுகூர்கிறார்கள்.

இதெல்லாம் எப்படிப் போயிற்று என்றால், யாரும் திட்டமிட்டுக் கெடுக்கவில்லை. பத்து சென்ட் விலையைக் காப்பாற்ற முதலில் பக்கத்தைக் குறைத்தார்கள். அப்புறம் விலையும் ஏறியது: 1962 வாக்கில் 12, 1969-இல் 15, எழுபதுகளின் நடுவில் 25, 1980-இல் 50 சென்ட். எழுபதுகளின் பிற்பகுதியில் கதைக்கு 17 பக்கம்தான். காமிக்ஸ் விற்ற மருந்துக்கடைக்காரருக்கும் பத்திரிகைக் கடைக்காரருக்கும் இதில் லாபம் அற்பம், அதே இடத்தில் விலை கூடிய பத்திரிகையை வைக்கலாம். விற்காததைத் திருப்பி அனுப்பும் முறை வேறு. எத்தனை விற்றது என்பதே பதிப்பாளருக்கு மாதங்கள் கழித்துத்தான் தெரியும். விநியோகஸ்தர்கள் விற்கவில்லை என்று கணக்கு எழுதிவிட்டுப் பின்வாசல் வழியாக விற்றார்கள் என்ற சந்தேகமும் பரவலாக இருந்தது.

புரூக்ளினில் பள்ளி ஆசிரியராக இருந்து ரசிகர் மாநாடுகள் நடத்திய ஃபில் சூலிங் எழுபதுகளின் முற்பகுதியில் ஒரு வழி சொன்னார். காமிக்ஸ் மட்டும் விற்கும் கடைகளுக்கு அதிகத் தள்ளுபடியில் நேரடியாகக் கொடுங்கள், ஒன்றைக்கூடத் திருப்ப மாட்டோம். பதிப்பாளருக்கு ஆபத்து நீங்கியது. 1981-இல் 'டாஸ்லர்' முதல் இதழை மார்வெல் இந்தக் கடைகளுக்கு மட்டுமே கொடுத்தது, நான்கு லட்சத்துக்கு மேல் போயிற்று. தொழில் பிழைத்தது. ஆனால் தேடிப்போகிறவனுக்குத்தான் இனி காமிக்ஸ். அம்மாவோடு கடைக்குப் போய், சுழலும் கம்பித் தாங்கியில் கண்ணில் பட்டதை எடுக்கும் பிள்ளைக்கு இல்லை. வாசகர் வயது ஏற ஏற, கதையின் வயதும் ஏறியது. 1986-இன் இருண்ட, தீவிரமான கதைகள் அந்தக் கடைகள் இல்லாமல் சாத்தியமே இல்லை. அவை நல்ல கதைகள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவற்றைப் பார்த்து நகலெடுத்த நூற்றுக்கணக்கானவை பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

விலைமதிப்பும் கூடவே வந்தது. ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட்டின் பழைய காமிக்ஸ் விலைப்பட்டியல் 1970-இல் வெளிவந்தது. குப்பையில் போனதால் அரிதான பொருள், அரிதானதால் முதலீடானது. தொண்ணூறுகளில் புதிய இதழையே முதலீடாக வாங்கினார்கள். 1991-இல் எக்ஸ்-மென் முதல் இதழ் ஐந்து விதமான அட்டைகளோடு, 80 லட்சத்துக்கு மேல் கடைகளுக்குப் போயிற்று. ஊரெல்லாம் வைத்திருக்கும் பொருளுக்கு எங்கிருந்து விலை வரும்? சில ஆண்டுகளில் சந்தை நொறுங்கியது, ஆயிரக்கணக்கான கடைகள் மூடின, கடன் சுமையும் சேர்ந்து மார்வெல் 1996 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழோ 2010-இல் 10 லட்சம் டாலர், 2014-இல் 32 லட்சம், 2024-இல் 60 லட்சம் என்று ஏறியது. இப்படிப்பட்ட புத்தகங்களைத் தரம் மதிப்பிட்டு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துவிடுகிறார்கள். திறந்தால் மதிப்பீடு செல்லாது. படிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

இந்த ஏக்கம் வசதியாக மறந்துவிடும் பக்கங்களும் உண்டு. சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் உரிமை மொத்தத்தையும் 130 டாலருக்குக் கொடுத்தார்கள். முதுமையில் வறுமையில் வாடி, பத்திரிகைகளில் முறையிட்ட பிறகுதான் 1975-இல் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும் பெயரும் கிடைத்தன. பேட்மேனை உருவாக்கியதில் பெரும்பங்கு வகித்த பில் ஃபிங்கரின் பெயர் அதிகாரபூர்வமாக வந்தது 2015-இல், அவர் இறந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு. கிர்பி தான் வரைந்த பக்கங்களைத் திரும்பப் பெற எண்பதுகளில் போராட வேண்டியிருந்தது. போர்க்கால இதழ்களில் ஜப்பானியரை வரைந்த விதத்தை இன்று பார்க்கவே கூசும். முக்கியக் காமிக்ஸில் முதல் கருப்பின சூப்பர்ஹீரோவான பிளாக் பேந்தர் வரவே 1966 ஆயிற்று. அறுபதுகளின் ஃபென்டாஸ்டிக் ஃபோரில், அந்த நால்வரில் ஒரே பெண்ணான சூவின் வேலை பாதி நேரம் மயங்கி விழுவது. 'அந்தக் காலத்தில் எல்லாம் கள்ளமில்லாமல் இருந்தது' என்று சொல்பவர்கள் இந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிட்டார்கள் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

சமீப ஆண்டுகளில் இரண்டு நிறுவனங்களும் பழைய இதழ்களை அப்படியே, விளம்பரம், கடிதப் பக்கம் எல்லாவற்றோடும் அச்சிட்டு விற்கின்றன. அட்டையில் 12 சென்ட் என்று இருக்கும், வாங்கும்போது சில டாலர்கள் ஆகும். எனக்குப் பிடித்த மறுபதிப்பு இதுதான், கெட்டி அட்டைத் தொகுப்பைவிட இது நேர்மையானது. ஆனால் வாங்குபவர்கள் பெரியவர்கள். பிள்ளைகள் காமிக்ஸ் படிப்பதை விட்டுவிட்டார்கள் என்று புலம்புவதில் மட்டும் பொருள் இல்லை. டேவ் பில்கியின் 'டாக் மேன்' வரிசை 2016-இல் தொடங்கி கோடிக்கணக்கில் விற்றிருக்கிறது. பள்ளிப் புத்தகச் சந்தையில் கிடைக்கிறது, அட்டை கிழியும்வரை கைமாறுகிறது, முப்பது ஆண்டுக் கதை வரலாறு தெரிய வேண்டியதில்லை, கோமாளித்தனத்துக்குக் குறைவே இல்லை. நாய்த்தலை வைத்த போலீஸ்காரன்தான் நாயகன். ஷ்வார்ட்ஸ் இருந்திருந்தால் அட்டையில் ஒரு கொரில்லாவையும் சேர்க்கச் சொல்லியிருப்பார்.